அடிலெய்டு நகரும் நம் மைதானமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேச வேண்டுமென்று நம் செயலாளர் என்னை அழைத்தபோது, "எதைப் பற்றிப் பேசுவது?" என்று கேட்டேன். "ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு போய் வந்தீர்கள் அல்லவா? அதைச் சொல்லுங்கள், குழந்தைகளும் கேட்பார்கள்" என்றார். பயணக் கதை சொல்ல எழுபவர்கள் பொதுவாக இரண்டு குற்றங்களைச் செய்வார்கள். சென்ற ஊரில் கண்டதையெல்லாம் புகழ்வது ஒன்று. கேட்போரின் ஊரை இகழ்வது மற்றொன்று. இவ்விரண்டையும் விலக்கிப் பேச முயல்கிறேன். ஆயினும் முடிவில் நம் காலனியைப் பற்றியும் சில சொற்கள் சொல்லியாக வேண்டும். அவை சிலருக்குக் கசக்கக்கூடும். ஆகையால் முதலில் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு வீட்டுக்கு வருவோம்.

என் மகன் மூன்று ஆண்டுகளாக அடிலெய்டு நகரில் பொறியாளனாக இருக்கிறான். சென்ற டிசம்பர் விடுமுறையில் எங்களை வரவழைத்தான். நானும் என் மனைவியும், மகளும் மாப்பிள்ளையும், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பேரனும் ஆக ஐவர் புறப்பட்டோம். ஜாம்ஷெட்பூரிலிருந்து கல்கத்தாவுக்கு இரயிலில் சென்று, அங்கிருந்து சிங்கப்பூர் வழியாக விமானத்தில் போய்ச் சேர்ந்தோம். இங்கே கம்பளிக்குள் முடங்கிக் கிடந்த நாங்கள் அங்கே இறங்கியதும் கோடை வெயிலில் நின்றோம். அந்நாட்டில் டிசம்பர் மாதம் கோடை. சூரியன் மறைய இரவு எட்டரை மணி ஆகிறது. வெளிச்சம் இருக்கும்போதே இரவு உணவு உண்பது என் மனைவிக்குக் கடைசி வரையில் பழகவில்லை.

ஆஸ்திரேலியா என்றவுடன் சிட்னியின் பாலமும் இசையரங்கமும் நினைவுக்கு வரும். அடிலெய்டு அவ்வளவு பேர் பெற்ற நகரன்று. தென் ஆஸ்திரேலியா என்னும் மாநிலத்தின் தலைநகரம் அது. மேற்கே கடல், கிழக்கே குன்றுகள், இடையில் ஒரு சமவெளி. கைதிகளைக் கொண்டு வந்து குடியேற்றிய ஊர் அன்று. 1836-ஆம் ஆண்டில் தாமாக விரும்பி வந்தவர்களுக்கென்றே தொடங்கப்பெற்ற குடியேற்றம். கடற்கரையை அடுத்த கிளெனெல்க் என்னும் பகுதியில் வளைந்து கிடக்கும் பழைய மரம் ஒன்றை வேலியிட்டுக் காத்து வருகின்றனர். அதன் அருகில்தான் 1836 டிசம்பர் 28-ஆம் நாள் ஆளுநர் ஹைண்ட்மார்ஷின் ஆட்சிப் பிரகடனம் படிக்கப்பட்டதாம். பிறந்த நாளும் பிறந்த இடமும் இவ்வளவு திட்டமாகத் தெரிந்த நகரங்கள் உலகில் சிலவே. நம் ஊர் அவற்றுள் ஒன்று என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

முதல் நாள் கிளெனெல்க் கடற்கரையிலிருந்து டிராம் வண்டியில் நகருக்குச் சென்றோம். 1929-இல் மின்சார வண்டியாக மாற்றப்பட்ட பழைய பாதை அது. வழி நெடுக வீடுகள், தோட்டங்கள், கடைகள். திடீரென்று வீடுகள் நின்றுவிட்டன. இரு மருங்கும் புல்வெளியும் பெரு மரங்களும் மட்டுமே தெரிந்தன. என் பேரன், "தாத்தா, ஊர் முடிந்துவிட்டதா?" என்று கேட்டான். அவன் மாமா சிரித்துக்கொண்டே, "இல்லையடா, இனிமேல்தான் ஊர் தொடங்குகிறது" என்றான். சொல்லி முடிப்பதற்குள் பசுமை விலகியது. உயர்ந்த கட்டடங்களின் நடுவே வண்டி புகுந்தது.

இதுவே அடிலெய்டின் சிறப்பு. நகரத்தின் உள்ளே பூங்கா இருப்பதை எங்கும் காணலாம். இங்கேயோ பூங்காவின் உள்ளே நகரம் இருக்கிறது. அரண்மனையைச் சுற்றி அகழி வெட்டுவதுபோல், நகரின் நாற்புறமும் திறந்த வெளியை விட்டு, அதன் நடுவில் தெருக்களை அமைத்திருக்கிறார்கள். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று திசைப் பெயர் கொண்ட நான்கு அகன்ற தெருக்களே நகருக்கு எல்லை. அவற்றுள் எந்த எல்லையைக் கடந்தாலும் காலில் புல் படும். இன்று இப்பூங்கா நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 760 ஹெக்டேர் என்கின்றனர்.

எல்லாம் பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருக்குமென்று எண்ணிவிடாதீர்கள். நீர் பாய்ச்சாத இடங்களில் கோடையில் புல் வைக்கோல் நிறமாகக் காய்ந்து கிடக்கிறது. சில பகுதிகளில் பழைய ஒலிவ மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஓரிடத்தில் சிறுவர்கள் பந்து விளையாடுகிறார்கள். ஓரிடத்தில் ஒரு குடும்பம் இறைச்சி சுட்டு உண்கிறது. ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை. அந்த 'ஒன்றுமே இல்லாத' இடத்தைப் பார்த்துத்தான் எனக்கு வியப்பு. நகரின் நடு மையத்திலிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவில், விலை மதிக்க முடியாத நிலம், ஒன்றும் கட்டப்படாமல் கிடக்கிறது. இதை யார் விட்டு வைத்தார்கள்? ஏன் விட்டு வைத்தார்கள்?

விடை தேடி ஒரு குன்றின்மேல் ஏறினோம். நகரின் வடபால் மாண்டிபியோர் குன்று என்று ஒரு மேடு உண்டு. அதன்மேல் ஒரு மனிதரின் சிலை, நகரை நோக்கிக் கை நீட்டிச் சுட்டியவாறு நிற்கிறது. அவர் பெயர் கர்னல் வில்லியம் லைட். இச்சிலை 1906-இல் நகரின் நடுச் சதுக்கத்தில் நிறுவப்பெற்று, 1938-இல் இக்குன்றுக்குக் கொண்டுவரப்பட்டது. அவர் காட்டும் திசையில் பார்த்தால் கிரிக்கெட் மைதானமும், ஆறும், அதற்கப்பால் நகரமும் ஓவியம்போல் தோன்றுகின்றன.

இந்த லைட் என்பவர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். பினாங்குத் தீவில் 1786-இல் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் மகனே இவர். மலாய் மண்ணில் கெடாவில் பிறந்தவர். தாயார் கலப்பு மரபைச் சேர்ந்தவர். பினாங்கோ தமிழ் வணிகரும் தொழிலாளரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர். தந்தை நிறுவிய ஜார்ஜ் டவுனும் மகன் வகுத்த அடிலெய்டும் 1973 முதல் உடன்பிறப்பு நகரங்களாக உறவு பூண்டுள்ளன.

1837-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் லைட் நகரின் அளவை வேலையைத் தொடங்கி, மார்ச் 10-ஆம் நாள் முடித்தார். இரண்டே மாதங்கள்! ஆற்றின் தென்கரையில் ஒரு பகுதி, வடகரையில் ஒரு பகுதி. விற்பனைக்கென 1042 மனைகள். நடுவே ஆறு சதுக்கங்கள். இவை அனைத்தையும் சூழ்ந்து பூங்கா நிலம். அவர் தேர்ந்த இடத்தைப் பலர் எதிர்த்தனர். துறைமுகத்துக்கு அருகில் நகரம் அமைய வேண்டுமென்று ஆளுநரே வாதிட்டார். நல்ல நீரும், மேட்டு நிலமும், சமவெளியும் கருதி லைட் தம் முடிவில் உறுதியாக நின்றார். தம் முடிவின் காரணங்கள் இன்று பலருக்கு விளங்காமற் போகலாம் என்றும், பழியையும் புகழையும் பின்வருவோரே கூறட்டும் என்றும் பொருள்பட அவர் எழுதியது அச்சிலையின் அருகே பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவருடைய முடிவு துயரமானது. நாட்டுப்புற நிலங்களையும் அவசர அவசரமாக அளந்து தரும்படி மேலிடம் வற்புறுத்தியது. அரைகுறை வேலை செய்ய மனமின்றி 1838-இல் பதவியைத் துறந்தார். 1839 ஜனவரியில் அவர் வாழ்ந்த குடிசை தீப்பற்றி, பல ஆண்டுகளாக எழுதி வைத்த குறிப்புகளெல்லாம் எரிந்துபோயின. அதே ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் காச நோயால் காலமானார். அப்போது வயது 53. தாம் வகுத்த சதுக்கங்களுள் ஒன்றிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தாம் கோடு போட்டு ஒதுக்கிய பூங்காவில் ஒரு மரம் வளர்ந்து நிழல் தருவதைக்கூட அவர் காணவில்லை.

இதைக் கேட்ட என் மனைவி, "பாவம், வீடு கட்டியவன் குடிபுகவில்லை" என்றாள். எனக்கு வேறொருவர் நினைவு வந்தது. அதையும் பின்னர்ச் சொல்கிறேன்.

குன்றிலிருந்து இறங்கினால் அடிலெய்டு கிரிக்கெட் மைதானம். 1871-இல் அது நிறுவப்பெற்றது. 1911-இல் அமைத்த பழைய ஆட்டப் பலகையை இன்றும் மனிதர் கையாலேயே இயக்குகின்றனர். அதே நகரில் நெடுங்காலம் வாழ்ந்து 2001-இல் மறைந்த டான் பிராட்மனின் சிலை வெளியே நிற்கிறது. 2003 டிசம்பரில் ராகுல் திராவிட் முதல் ஆட்டத்தில் 233 ஓட்டமும், இரண்டாம் ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 72 ஓட்டமும் எடுத்து இந்தியாவை வெற்றி பெறச் செய்தது இங்கேதான் என்று மாப்பிள்ளை பெருமையோடு விளக்கினார். "2020-இல் நாம் 36 ஓட்டத்தில் சுருண்டதும் இங்கேதானே?" என்றான் பேரன். அதன்பின் மாப்பிள்ளை அம்மைதானத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மைதானத்தை அடுத்து டாரன்ஸ் ஆறு. 1881-இல் ஓர் அணை கட்டி ஆற்றை ஏரிபோல் தேக்கியிருக்கின்றனர். கருநிற அன்னங்கள் அதில் நீந்துகின்றன. அன்னம் என்றால் வெண்மை என்றே கதைகளில் கேட்டு வளர்ந்த பேரன், கரிய அன்னத்தைக் கண்டு மலைத்து நின்றான். 1935 முதல் 'போப்பை' என்னும் பெயருடைய சிறு படகுகள் அங்கே ஓடுகின்றன. ஒரு மாலை அதில் ஏறி மெல்லச் சென்றோம். கரையில் 1882-இல் எழுப்பிய இசை மண்டபம் ஒன்று வேலைப்பாடமைந்த இரும்புத் தூண்களோடு அழகாக நிற்கிறது. இரும்போடு வாழ்ந்தவன் அல்லவா நான்? வார்ப்பு வேலையைத் தொட்டுப் பார்த்த பின்புதான் நகர்ந்தேன்.

என் மனைவிக்கு மிகவும் பிடித்த இடம் தாவரத் தோட்டம். 1857-இல் மக்களுக்குத் திறந்து விடப்பட்டது. ஜெர்மனியின் பிரேமன் நகரிலிருந்து தருவித்த கண்ணாடி மாளிகை ஒன்று 1877 முதல் அங்கே நிற்கிறது. வேறொரு கண்ணாடிக் கூடத்தில் அமேசான் அல்லி வளர்கிறது. அதன் இலை ஒவ்வொன்றும் ஒரு பெரிய தாம்பாளம். முதல் நாள் இரவு வெண்மையாக மலரும் பூ மறுநாள் இரவு செந்நிறம் கொள்ளுமாம். தாவரங்களால் மனிதனுக்குள்ள பயன்களை விளக்கவென்றே 1881-இல் அமைத்த காட்சிச்சாலையும் உண்டு. ஆயினும் இவற்றிலெல்லாம் அவள் மனம் ஒன்றவில்லை. 1866-இல் நட்ட பெரிய அத்தியினத்து மரங்கள் இரு வரிசையாக நிற்கும் நடைபாதைதான் அவளைக் கட்டிப்போட்டது. சுவர் எழுப்பினாற்போல் தரைமேல் புடைத்தெழுந்த வேர்கள். நண்பகலிலும் குளிர்ந்த நிழல். "இது நம் ஆலமரத்துக்குத் தங்கை முறை" என்றாள். தாவர நூலாரும் அவ்வாறே கூறுவர், இரண்டும் ஓரினத்தவை. வெயில் நாற்பது பாகையைத் தொட்ட ஒரு நாளில் அம்மர நிழலில் தயிர்சாதம் உண்டோம். நட்டவர்கள் போய்ச் சேர்ந்து நூறாண்டுக்கு மேலாயிற்று. அவர்கள் முகமும் அறியோம். ஆயினும் அன்று நாங்கள் அவர்கள் வீட்டு விருந்தினர்.

இதுவரை சொன்னது இனிப்பு. இனி உண்மையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

நகரின் நடுவே விக்டோரியா சதுக்கம் உள்ளது. அங்கே ஆஸ்திரேலியக் கொடிக்கு அருகில் வேறொரு கொடியும் பறக்கிறது. மேலே கருமை, கீழே செம்மை, நடுவே மஞ்சள் வட்டம். அது அந்நாட்டின் ஆதிக்குடிகளின் கொடி. ஹெரால்டு தாமஸ் என்னும் ஓவியர் வரைந்த அக்கொடி முதன்முதலில் ஏற்றப்பட்டது அச்சதுக்கத்திலேதான், 1971 ஜூலை 12-ஆம் நாள். சதுக்கத்தின் பெயர்ப்பலகையில் விக்டோரியா என்பதோடு 'தார்ந்தன்யங்கா' என்றும் எழுதியிருக்கிறது. செங்கங்காருவின் இடம் என்பது அதன் கருத்தாம். அச்சமவெளியின் பழங்குடியினரான கௌர்னா மக்களின் சொல் அது.

லைட் கோடு போட்டபோது அந்நிலம் வெற்றிடம் அன்று. பல்லாயிரம் ஆண்டுகளாகக் கௌர்னா மக்கள் வாழ்ந்த இடம். பூங்காவென ஒதுக்கியதும் அவர்களைக் கேட்டு ஒதுக்கியதன்று. சில தலைமுறைகளுக்குள் அவர்கள் நிலத்தை இழந்தனர், நோயால் மாண்டனர், மொழியையும் பேச ஆளின்றி இழந்தனர். ஆனால் டைக்கல்மன், ஷூர்மன் என்னும் இரு ஜெர்மானியப் பாதிரிமார்கள் 1840-இல் அம்மொழியின் இலக்கணத்தையும், ஏறத்தாழ இரண்டாயிரம் சொற்களையும் அச்சிட்டு வைத்திருந்தனர். அந்தச் சிறு நூலை முதன்மையாகப் பற்றிக்கொண்டு, 1990-ஆம் ஆண்டுகள் முதலாக அம்மக்களின் வழித்தோன்றல்கள் தம் மொழியை மீண்டும் கற்று வருகின்றனர். பூங்காக்கள் ஒவ்வொன்றுக்கும் இன்று கௌர்னாப் பெயரும் உண்டு. டாரன்ஸ் ஆற்றுக்குக் 'கர்ராவிர்ரா பர்ரி' என்று பெயர்.

'நீனா மார்னி' என்பது அவர்கள் நலம் உசாவும் சொல். 'நீனா' என்றால் நீ என்று பொருள் எனக் கேட்டதும், "தாத்தா, இது தமிழ்!" என்று பேரன் துள்ளினான். ஓர் ஒலி ஒத்தது கொண்டு உறவு கட்டிவிடக் கூடாது என்று அவனுக்குச் சொன்னேன். ஆயினும் வேறொன்று என் மனத்தைத் தைத்தது. இரண்டாயிரம் சொற்களைக் கொண்டு ஒரு மக்கள் தம் மொழியை எழுப்ப முயல்கின்றனர். கடல்போல் நூல்களை உடைய நாமோ, நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்ப மழை, வெயில், தேர்வு என்று காரணம் தேடுகிறோம். என் வீட்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாங்கள் திரும்புவதற்கு முந்திய நாள், நகரின் கீழ்த்திசைப் பூங்கா ஒன்றில் அமர்ந்திருந்தோம். பலகையில் ரைமில் பூங்கா என்ற பெயரோடு, 'முர்லவிர்ரபுர்க்கா' என்று ஒரு கௌர்னாத் தலைவரின் பெயரும் இருந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு வந்த வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் எங்கள் பக்கத்தில் அமர்ந்தார். எந்த ஊர் என்று வினவினார். சொன்னேன். "உங்கள் முன்னோர் பெரிய அறிஞர்கள்; இவ்வளவு நிலத்தை விட்டு வைத்தார்களே" என்று மரியாதைக்காகச் சொன்னேன். அவர் தலையை அசைத்து மறுத்தார்.

"விட்டு வைத்தவர் ஒருவர்தான். அதை எடுக்க வந்தவர்கள் பலர்" என்றார் அவர். "முதலில் இடுகாட்டுக்குக் கேட்டார்கள், பிறகு சிறைச்சாலைக்கு, பிறகு இரயிலுக்கு, கல்லூரிக்கு, மருத்துவமனைக்கு. இன்றும் கேட்கிறார்கள். தீய காரியத்துக்கென்று எவரும் பூங்காவைக் கேட்பதில்லை. நல்ல காரியத்துக்கென்றே கேட்பார்கள். அதுவும் ஒரு மூலைதான் கேட்பார்கள். வேண்டாமென்று சொல்பவர்தாம் பொல்லாதவராகத் தோன்றுவார். ஒவ்வொரு தலைமுறையிலும் சிலர் அப்படிப் பொல்லாதவராக இருந்ததால்தான் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்."

பின்னர் என் மகனிடம் கேட்டேன். அவர் சொன்னது உண்மையே. லைட் ஒதுக்கிய நிலம் முழுவதும் இன்று பூங்காவாக இல்லை. எஞ்சியதைக் காக்க 2005-இல் தனிச் சட்டம் இயற்றினர். 2008-இல் பூங்கா நிலங்களும் நகர அமைப்பும் அந்நாட்டின் தேசிய மரபுச் செல்வப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சட்டம் வந்த பின்பும் வழக்காடல் ஓயவில்லை.

அம்மையாரிடம் நான் வேறொன்றும் பேசவில்லை. பேச நாவெழவில்லை. ஏனென்றால், அன்பர்களே, புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு நான் ஒரு கடிதத்தில் கையொப்பம் இட்டிருந்தேன்.

உங்களிற் பலர் அக்கடிதத்தை அறிவீர்கள். நம் சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தின் பாதியை எடுத்து, தகரக் கூரையிட்டுக் கார் நிறுத்துமிடம் அமைக்க வேண்டும் என்பதே கோரிக்கை. முதற் கையொப்பம் என்னுடையது. மாப்பிள்ளையின் புதுக் காரின் கண்ணாடியில் பையன்கள் அடித்த பந்து பட்டு விரிசல் கண்டது. அந்தக் கோபத்தில் எழுதினேன். பிறகு நான்கு நல்ல காரணங்களையும் சேர்த்துக்கொண்டேன்: கார்கள் பெருகிவிட்டன, தெரு குறுகல், வெயிலில் வண்ணம் கெடுகிறது, மைதானம் பெரும்பொழுது வெறுமையாகத்தான் கிடக்கிறது. எல்லாம் உண்மைதான், நல்ல காரியந்தான், ஒரு மூலைதான். அம்மையார் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் கடிதத்திலேயே இருந்தது.

நான் முன்பு இரண்டு செய்திகளைப் பின்னர்ச் சொல்வதாகக் கூறினேன். நம் ஊரும் நாளும் இடமும் தெரிந்து பிறந்த ஊர். 1908-இல் சாக்சியில் ஆலை வேலை தொடங்கிற்று. 1912-இல் எஃகு வார்த்தனர். 1919-இல் ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினர். இவையெல்லாம் நிகழ்வதற்கு முன்பே, இடம் எதுவென்று தெரிவதற்கும் முன்பே, 1902-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா தம் மகன் தோராப்ஜிக்கு ஒரு கடிதம் எழுதினார். தொழிலாளர் ஊரில் அகன்ற தெருக்கள் அமைய வேண்டும், நிழல் மரங்கள் நட வேண்டும், புல்வெளிக்கும் தோட்டத்துக்கும் இடம் விட வேண்டும், பந்தாட்டத்துக்குப் பரந்த வெளி ஒதுக்க வேண்டும், எல்லாச் சமயத்தாரின் கோயில்களுக்கும் இடம் வேண்டும் என்பது அதன் கருத்து. 1904-இல் அவர் காலமானார். இந்த ஊரை அவர் காணவே இல்லை. குன்றின்மேல் லைட்டின் கதையைக் கேட்டபோது என் நினைவுக்கு வந்தவர் இவரே. 1958-இல் நேரு திறந்து வைத்த ஜூபிலி பூங்காவில் நாம் மாலைதோறும் நடக்கிறோம். அதைப் பெரியதென்று போற்றுகிறோம். நம் வீட்டுப் பின்புறத்தில் உள்ள சிறு மைதானமும் அதே கருத்தின் பிள்ளை என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். சுவர்ணரேகையின் கரையில் உலை எழுவதற்கு முன் இங்கே சந்தாலர், ஹோ முதலிய மக்களின் ஊர்களும் காடுகளும் இருந்தன. நாம் வந்து குடியேறியவர்கள். நமக்கு முன்னிருந்தவர்கள் விட்டுக்கொடுக்க நேர்ந்த நிலத்தில் வாழ்கிறோம். நாம் இங்கே விட்டுச் செல்வது எது? கோயில் கட்டினோம்; சங்கம் கண்டோம்; மகிழ்ச்சிதான். அவற்றோடு ஒரு வெற்றிடத்தையும் வெற்றிடமாகவே விட்டுச் சென்றால் அதுவும் ஒரு தருமமே.

அம்மைதானம் பெரும்பொழுது வெறுமையாகக் கிடக்கிறது என்று எழுதினேன். அங்கேதான் பொங்கற் பானை வைக்கிறோம். அங்கேதான் நம் பிள்ளைகள் சைக்கிள் பழகினார்கள். வீட்டில் இறப்பு நேர்ந்தபோது அங்கேதான் நாற்காலி போட்டு அமர்ந்தோம். என் மகன் அங்கேதான் ஓடி விளையாடினான். அவன் இப்போது கடலுக்கப்பால் இருக்கிறான். நம் ஊரைப் பற்றி எதை நினைப்பாய் என்று அவனைக் கேட்டேன். வீட்டை நினைப்பதாகச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். மைதானத்தையே சொன்னான்.

ஊர் திரும்பியதும் என் கையொப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னை நம்பிக் கையொப்பம் இட்ட நண்பர்கள் சிலர் வருந்துகின்றனர். ஒருவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அவர் இங்கேதான் அமர்ந்திருக்கிறார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. என் பிழைக்கு அவர் முன்னிலையில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் பிழையை நிலைநிறுத்துவது பரிகாரம் ஆகாது.

கார்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ஒருவரும் பயன்படுத்தாத பழைய சைக்கிள் கொட்டகை இருக்கிறது, அதைச் செப்பனிடலாம். தெருவின் ஒரு புறத்தில் மட்டும் நிறுத்துவதென்று முறை வைத்துக்கொள்ளலாம். சற்றுத் தொலைவு நடக்க நேரும். மருத்துவர்கள் நம்மை நடக்கத்தானே சொல்கிறார்கள்! கண்ணாடியைப் பொறுத்தவரை, மாப்பிள்ளை புதியது மாற்றிவிட்டார். மைதானத்தை இழந்தால் புதியது மாற்ற முடியாது.

அடுத்த மாதம் நலக்குழுவின் பொதுக் கூட்டத்தில் இது முடிவு செய்யப்படும். பெரியவர்கள் கை தூக்குவார்கள். பந்து விளையாடும் சிறுவர்களிடம் யாரும் கையொப்பம் கேட்கவில்லை. அவர்களுக்குக் கூட்டத்தில் வாக்கும் இல்லை. ஆகையால், தாய்மார்களே, நீங்களும் அன்று தவறாமல் வர வேண்டும். தென் ஆஸ்திரேலியப் பெண்கள் 1894-லேயே வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் பெற்றவர்கள் என்பதை அந்நகரின் சட்டமன்றத்தின் முன் நின்று என் மனைவி கேட்டறிந்தாள். அன்றைய கூட்டத்துக்கு அவள் வருகிறாள். என் வாக்கு மாறாமல் பார்த்துக்கொள்வதும் தன் பொறுப்பு என்கிறாள்.

சிறுவர்களே, விழா முடிந்ததும் மைதானத்துக்குப் போய் விளையாடுங்கள். கார் நிற்கும் பக்கம் மட்டும் பந்தை அடிக்க வேண்டாம்.